தீர்க்கதரிசிப் பட்டம் வேண்டாம், பாட்டைக் கேளுங்கள்

எம்.ஐ.ஏ. பற்றிப் பேச்சு வந்தால் இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது. "ஸ்னோடனுக்கு மூணு வருஷம் முன்னாடியே சொல்லிட்டாங்கப்பா." சொல்பவர் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். கேட்பவர் தலையாட்டுவார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஆல்பத்தில் மொத்தம் எத்தனை பாட்டு, அதில் எதை நீ கடைசியாகக் கேட்டாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

எனக்கு இந்த வாக்கியத்தோடு ஒரு தகராறு இருக்கிறது. பாராட்டு மாதிரி தெரிகிற இது, 2010இல் அதே ஆல்பத்தை அடித்துத் துவைத்தவர்கள் செய்த வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது. அவர்கள் 'கிறுக்குப் பேச்சு' என்று ஒதுக்கினார்கள். நாம் 'தீர்க்கதரிசனம்' என்று கும்பிட்டு ஒதுக்குகிறோம். ரெண்டு பேரும் பாட்டைக் கேட்கவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார், இடையில் சென்னையிலும் இருந்தார், போர் துரத்த 1986இல் அகதியாக லண்டனுக்கே திரும்பினார். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர்: 'அருளர்'. 2007இல் வந்த இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர்: 'கலா'. அதிலிருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஓ... சாயா' ஆஸ்கர் பரிந்துரை வாங்கியது. இதெல்லாம் ஆன பிறகு, 2010 ஜூலையில், தன் சொந்தப் பெயரில் ஒரு ஆல்பம் போட்டார். 'மாயா'.

அட்டையில் அவர் முகத்தை யூடியூப் பிளேயரின் பட்டைகள் வரிவரியாக மூடியிருக்கும். தலைப்பை ஏறக்குறைய முழுக்கச் சாய்கோடுகளாலேயே எழுதியிருப்பார்கள். தேடுபொறி எழுதிப் பழகியவனுக்கு இது பார்த்தவுடன் சிரிப்பு வரவைக்கும் விஷயம். தேடுசொல்லை உடைக்கும்போது நிறுத்தக்குறிகளையும் சாய்கோடுகளையும்தான் முதலில் தூக்கிக் குப்பையில் போடுவோம். மிச்சம் இருப்பது ஒற்றை எழுத்து. தேடினால் சிக்காத பெயரைத் தன் மூன்றாவது ஆல்பத்துக்கு வைக்கிற பாப் பாடகி எவராவது உண்டா? விற்பனைப் பிரிவில் இருந்தவர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள்.

ஆனாலும் அமெரிக்காவில் அது பில்போர்டு 200 பட்டியலில் 9ஆம் இடத்தைத் தொட்டது. விமர்சகர்களிடம்தான் வாங்கிக் கட்டிக்கொண்டது. மதிப்புரைகளைத் திரட்டி சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக்கில் 'கலா'வுக்கு 87. 'மாயா'வுக்கு 68. அந்தக் காலத்தில் இணைய இசை ரசனையின் நீதிபதியாக உட்கார்ந்திருந்த பிட்ச்ஃபோர்க், 'கலா'வுக்குப் பத்துக்கு 8.9 போட்டது. 'மாயா'வுக்கு 4.4. அரியர் வைத்த பையனின் மார்க் ஷீட் மாதிரி இருக்கிறது.

1

ஆல்பத்தின் முதல் பாட்டு 'த மெசேஜ்'. ஒரு நிமிடம்கூட ஓடாது. தட்டச்சுப் பலகையைத் தட்டுகிற சத்தம், மேலே ஒரு ஆண் குரல். எந்த எலும்பு எந்த எலும்போடு சேர்ந்திருக்கிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் பழைய ஆங்கிலப் பாட்டின் வரிசையைப் பிடித்துக்கொண்டு, காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் தொடங்கி கைப்பேசி, இணையம், கூகுள் என்று போய் அரசாங்கத்தில் முடிகிறது. அவ்வளவுதான்.

இதை வைத்துத்தான் 'சதிக்கோட்பாடு', 'பாரனோயா' என்ற முத்திரைகள் ஆல்பம் முழுவதன் மீதும் விழுந்தன. பாப் பாடகிக்கு ஏன் இந்த வேலை, கல்லூரி விடுதியில் நள்ளிரவில் பேசுகிற பேச்சு இது என்கிற தொனி. பாட்டு எளிமையானது என்பது உண்மை. வேண்டுமென்றே பாலர் பாட்டின் எளிமை. ஆனால் எளிமை என்பது ஒரு குற்றச்சாட்டு, பைத்தியம் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள்.

அந்த 2010ஆம் வருடத்தையே எடுத்துப் பார்ப்போம். ஏப்ரல் 21 அன்று ஃபேஸ்புக் தன் லைக் பொத்தானை மற்ற இணையதளங்களிலும் வைக்கக் கொடுத்தது. நீங்கள் அதை அமுக்கவே வேண்டாம். பக்கம் திறக்கும்போது அந்தப் பொத்தான் ஃபேஸ்புக்கின் சர்வரிலிருந்து வரும். வரச்சொல்லிப் போகும் கோரிக்கையோடு உங்கள் குக்கியும் போகும், நீங்கள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதும் போகும். மே 14 அன்று, ஸ்ட்ரீட் வியூ படமெடுக்கத் தெருத்தெருவாகப் போன தன் கார்கள் பூட்டாத வைஃபைகளில் ஓடிய தரவையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டன என்று கூகுளே ஒப்புக்கொண்டது. ஜூலையில் 'மாயா' வந்தது. அக்டோபரில் ஃபயர்ஷீப் என்றொரு ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி வந்தது. காபி கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேஜைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ரெண்டு கிளிக்கில் போய்விடலாம். அப்போது பெரும்பாலான தளங்கள் உள்நுழையும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை எல்லாம் திறந்து போட்டிருந்தன. இதுதான் அன்றைய இணையத்தின் லட்சணம்.

அரசாங்கம்? அதுவும் புதுச் செய்தி இல்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அமெரிக்க அரசு ஒட்டுக்கேட்கிறது என்று நியூயார்க் டைம்ஸ் 2005 டிசம்பரிலேயே எழுதி, அதற்குப் புலிட்சரும் வாங்கிவிட்டது. 2006இல் மார்க் க்ளைன் என்கிற முன்னாள் ஏடி அண்ட் டி தொழில்நுட்ப ஊழியர், சான் ஃபிரான்சிஸ்கோ கட்டடத்தின் 641ஏ எண் அறை பற்றிச் சொன்னார். ஒளியிழைக் கேபிளில் பிரிப்பான் வைத்து, போகிற வருகிற எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அந்த அறைக்குப் போனது. கூகுள் எர்த் என்று நாம் வாய் பிளந்து பார்த்த மென்பொருளுக்கு மூலம் கீஹோல் என்ற நிறுவனம். அதில் சி.ஐ.ஏ. சார்ந்த இன்-க்யூ-டெல் 2003இல் முதலீடு செய்தது. 2004இல் கூகுள் கீஹோலை வாங்கியது. இத்தனையும் செய்தித்தாளில் வந்தவை.

2013 ஜூனில் வெளியான ப்ரிஸம் ஆவணத்தில் ஒரு பட்டியல் உண்டு, எந்த நிறுவனத்திலிருந்து எந்தத் தேதியில் தகவல் திரட்டத் தொடங்கினார்கள் என்று. கூகுளுக்கு நேரே இருக்கும் தேதி 2009 ஜனவரி 14. அதாவது 'த மெசேஜ்' வெளியானபோது அந்த ஏற்பாட்டுக்கு ஒன்றரை வயது. சர்வருக்குள் நேரடியாக யாரையும் விடவில்லை, சட்டப்படி வந்த ஆணைகளுக்கு மட்டும் பதில் கொடுத்தோம் என்று நிறுவனங்கள் மறுத்தன. நியாயம்தான். எலும்போடு எலும்பு ஒட்டின மாதிரி நேர் இணைப்பு என்று பாட்டு காட்டுவதை ஒரு டிசைன் ஆவணமாக என்னிடம் ரிவியூவுக்கு அனுப்பினால், பத்து கமெண்ட் போட்டுத் திருப்பி அனுப்புவேன். நடுவில் ரகசிய நீதிமன்றம், சட்டப்பிரிவு, வக்கீல்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் அம்புக்குறிகளின் திசை சரி. ஒரு நிமிடப் பாட்டிலிருந்து அதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

2

இப்போது தீர்க்கதரிசிப் பட்டத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாமே அன்றே வெளியில் கிடந்தது என்றால், அதைப் பாடியவர் எப்படித் தீர்க்கதரிசி ஆவார்? செய்தித்தாள் படித்த ஒரு பெண் என்றுதானே சொல்ல வேண்டும்? படித்ததைத் தன் அனுபவத்தோடு கூட்டிப் பார்த்தவர் என்றுதானே சொல்ல வேண்டும்?

நம் ஊரில் மட்டுமில்லை, எங்கேயும் இது உண்டு. படித்தவர்கள் என்று அங்கீகரிக்கப்பட்ட வட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவர் சரியான ஒன்றைச் சொல்லிவிட்டால், அவருக்கு அறிவு இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மனசு வராது. சாமி வந்து சொல்லிச்சு என்போம். குறி சொன்னவளுக்கு வெற்றிலை பாக்கு வைப்போம், வாதம் செய்தவளாக அவளை உட்கார வைத்துப் பேச மாட்டோம்.

அவர் எந்த அனுபவத்தோடு கூட்டிப் பார்த்தார்? பட்டியலில் பெயர் இருப்பது என்றால் என்னவென்று கொழும்பில் வாழ்ந்த எந்தத் தமிழரையும் கேளுங்கள். அடையாள அட்டை, போலீஸ் பதிவு, சோதனைச் சாவடி. 2007 ஜூனில் கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த சில நூறு தமிழர்களை போலீஸ் பேருந்தில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அந்த மாதிரி ஒரு காரியத்தை முகவரிகளும் பெயர்களும் கையில் இல்லாமல் செய்ய முடியாது. தரவு என்றால் இதுதான். எம்.ஐ.ஏ.வுக்கே 2006இல் அமெரிக்க விசா சிக்கல். அதனால்தான் 'கலா'வை இந்தியா, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று நாடு நாடாகப் போய் ஒலிப்பதிவு செய்ய வேண்டி வந்தது. உலகம் சுற்றிய ஆல்பம் என்று அதைக் கொண்டாடிய விமர்சகர்கள், சுற்ற வைத்தது எது என்பதை ஒரு சுவாரஸ்யத் துணுக்காகத்தான் பார்த்தார்கள். கண்காணிப்பு என்பது லண்டன், நியூயார்க் நடுத்தர வர்க்கத்துக்கு 2013இல் வந்த அதிர்ச்சி. இவருக்கு அது வீட்டுச் சமாச்சாரம்.

ஆனால் என் முக்கியமான வாதம் இதுவும் இல்லை. 'மாயா'வைக் கூகுள் பற்றிய ஆல்பமாகக் கேட்பதே தப்பு. அது 2009 பற்றிய ஆல்பம்.

2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களை வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான பத்திரிகையாளர் யாரும் உள்ளே போக முடியாது. 2009 பிப்ரவரி 8, கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக எம்.ஐ.ஏ. பாடுகிறார். 'பேப்பர் பிளேன்ஸ்' அன்று ஆண்டின் சிறந்த பாடல்பதிவுக்கான போட்டியில் இருக்கிறது. அதே வாரங்களில் வன்னியில் ஷெல் விழுகிறது. ஏப்ரலில் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் உட்காருகிறார்கள். மே 10 அன்று டொராண்டோவில் கார்டினர் விரைவுச்சாலையை மறிக்கிறார்கள். மே 18 வருகிறது.

வெளியே இருந்த நாம் எல்லோரும் இதை எதில் பார்த்தோம்? நான் அப்போது பொறியியல் மாணவன். விடுதி அறையில் ஒரே ஒரு கணினி, அதைச் சுற்றி ஆறேழு தலைகள். வீடியோ நடுவில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். எது ரத்தம், எது வீடியோவின் கோளாறு என்று தெரியாது. பட்டை முழுதாக நிரம்பக் காத்திருப்போம். நிரம்பிவிடுமோ என்று பயமாகவும் இருக்கும்.

ஆகஸ்ட் 25 அன்று சேனல் 4, கண்ணையும் கையையும் கட்டி நிர்வாணமாக உட்கார வைத்தவர்களைச் சுடும் கைப்பேசிக் காட்சியை ஒளிபரப்பியது. போலி என்றது இலங்கை அரசு. ஒலி ஏன் தாமதமாக வருகிறது, கோப்பின் வடிவம் என்ன என்று வாதம் கிளம்பியது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் நிபுணர்கள் மூன்று பேரை வைத்து ஆராய்ந்து, அது உண்மையான காட்சி என்றே தெரிகிறது என்று அறிவித்தார். ஒரு மனிதன் செத்தானா இல்லையா என்பது வீடியோவின் மெட்டாடேட்டாவைப் பொறுத்த கேள்வியாக மாறிய காலம் அது.

இப்போது அந்த அட்டையைத் திரும்பப் பாருங்கள். யூடியூப் பட்டைகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பெண்ணின் முகம். ஆல்பம் முழுக்க ஒலி உடைகிறது, கிழிகிறது, சிக்னல் போன மாதிரி இரைகிறது. 'காதுக்கு இதமாக இல்லை' என்று எழுதினார்கள். ஐயா, அந்த வருடம் எது இதமாக இருந்தது? எந்தத் திரை வழியாக உண்மை கசிந்து வந்ததோ, அதே திரைதான் பார்ப்பவரை எண்ணிக்கொண்டும் இருந்தது. அந்தத் திரையின் சத்தத்தில் செய்த ஆல்பம் இது.

'பார்ன் ஃப்ரீ' பாட்டுக்கு ரொமேன் காவ்ராஸ் எடுத்த ஒன்பது நிமிடக் காணொளி ஏப்ரல் 26 அன்று வந்தது. செம்பட்டை முடிக்காரர்களை மட்டும் வீடு புகுந்து பிடித்து, பேருந்தில் ஏற்றி, பொட்டல் வெளிக்குக் கொண்டுபோய்ச் சுடுகிறார்கள். நடிகர்கள், ரத்தச் சாயம், சினிமா. யூடியூபுக்குச் சங்கடமாகி, நீக்கலும் வயதுக் கட்டுப்பாடுமாக அதை மறைத்தது. இலங்கையிலிருந்து வந்த நிஜக் கொலைக் காட்சிக்கு எழாத அலறல் இந்த நடிப்புக்கு எழுந்தது. அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் அவர் அதை எடுத்தார் என்றே நான் பார்க்கிறேன். அலறியவர்கள் பாதி வேலையை அவருக்குச் செய்து கொடுத்தார்கள். மீதிப் பாதியை, அதாவது ஏன் அலறுகிறோம் என்று யோசிப்பதை, செய்யவில்லை.

3

மே மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் சஞ்சிகையில் லின் ஹிர்ஷ்பெர்க் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ட்ரஃபிள் எண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு வறுவல். வெளியாளாகவே இருக்க விரும்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே அதைச் சாப்பிட்டார் என்கிற காட்சி. அவருடைய இணையர் பெரும் பணக்கார ப்ரான்ஃப்மன் குடும்பத்தவர் என்பதும், லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் இருந்த பகுதி வசதியானது என்பதும் கூடவே.

எம்.ஐ.ஏ. கோபத்தில் பத்திரிகையாளரின் தொலைபேசி எண்ணை ட்விட்டரில் போட்டார். அது தப்பு, யார் செய்தாலும் தப்பு. பிறகு, தான் பதிவு செய்து வைத்திருந்த ஒலியை வெளியிட்டார். அந்த வறுவலை எடுத்துக்கொள்ளலாமே என்று முதலில் சொன்னவர் பத்திரிகையாளர்தான் என்று தெரிந்தது. கட்டுரையில் மேற்கோள்களைக் கோத்திருந்த விதம் பற்றி டைம்ஸும் ஒரு ஆசிரியர் குறிப்பு போட வேண்டி வந்தது. ஆனால் ஆசிரியர் குறிப்பை யார் படிக்கிறார்கள்? வறுவல்தான் நின்றது.

வறுவலை யார் கேட்டார்கள் என்பதே இங்கே அற்பம். அவரே கேட்டு வாங்கி ரெண்டு தட்டு தின்றிருக்கட்டும். அதற்கும் வன்னியில் விழுந்த ஷெல்லுக்கும் என்ன சம்பந்தம்? பணக்காரியானதும் உன் ஊர்ச் சாவைப் பற்றிப் பேசும் தகுதி போய்விடுகிறது. ஏழையாக இருந்தால் உன்னிடம் யாரும் மைக்கை நீட்டப்போவதில்லை. ஆக, பேசத் தகுதியுள்ள ஆள் என்று ஒருவர் உலகத்தில் இருக்கவே முடியாத மாதிரி இந்தப் பரீட்சையை அமைத்திருக்கிறார்கள். பரீட்சையின் நோக்கமே அதுதான்.

அதே பழக்கம்தான் அப்பா விஷயத்திலும். மேற்கத்தியப் பத்திரிகைகள் பல அவரைப் புலி என்று சாதாரணமாக எழுதின. அருளர் ஈரோஸ் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். ஈழப் போராட்டத்தின் அரிச்சுவடி தெரிந்தவனுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். நம் வாசகர்களுக்கு அவர் இன்னொரு வகையிலும் தெரிந்திருக்க வேண்டும்: 1977 வன்முறைக்குப் பிறகு தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலை வைத்து 'லங்கா ராணி' நாவலை எழுதியவர். அப்பா ஒரு கப்பலில் ஏற்றிய சனத்தை மகள் ஒரு வீடியோ பட்டையில் தேடினார் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். ஆனால் நாவலைப் பற்றிப் பேசுகிற நாம், ஆல்பத்தை அதே வரிசையில் வைத்துப் பேச ஏன் கூச்சப்படுகிறோம்?

4

சரி, அரசியலை எல்லாம் ஒதுக்கி வைத்தால் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2010இல் அதைத்தான் யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை.

'ஸ்டெப்பின் அப்' துளைபோடும் இயந்திரச் சத்தத்தைத் தாளமாக்குகிறது. முதல் தடவை எரிச்சல், மூன்றாம் தடவை கால் ஆடும். 'டெக்கில்லா' ஆறு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது, பாதியிலேயே வெட்டியிருக்கலாம். 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ' நேரான பாப் பாட்டு, அவர் நினைத்தால் இப்படி ஒரு ஆல்பம் முழுக்கவே போட்டிருக்க முடியும் என்பதற்கு அத்தாட்சி. 'பார்ன் ஃப்ரீ' சூசைட் என்ற நியூயார்க் இரட்டையரின் 1977 பாட்டிலிருந்து இரைச்சலை எடுத்து, வேகத்தைக் கூட்டி, மேலே ஏறி நிற்கிறது. 'டெல் மி ஒய்'யில் அலபாமாவின் பழைய தேவாலயக் கூட்டுப்பாட்டுக் குரல்கள் அடியில் ஓடுகின்றன. 'இட் டேக்ஸ் எ மஸ்ல்' 1982இல் ஒரு டச்சுக் குழு போட்ட பாட்டு. இவர் அதை ரெகே மாதிரி தளர்த்திப் பாடும்போது, இத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு ஆள் அழாமல் நிற்கப் பாடுபடுவது கேட்கிறது. கடைசிப் பாட்டு 'ஸ்பேஸ்' மிதக்கிறது. எல்லாத் திரையும் அணைந்த பிறகு அறையில் இருக்குமே ஒரு அமைதி, அது.

டீலக்ஸ் பதிப்பில் 'இன்டர்நெட் கனெக்‌ஷன்' என்றொரு பாட்டு உண்டு. வெரிசான் நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஃபிலிப்பைன்ஸ் ஊழியர்களோடு சேர்ந்து செய்தது. இணையம் என்பது கலிஃபோர்னியாவில் இருக்கும் மேகம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கேபிளின் மறுமுனையில் ராத்திரி ஷிஃப்டில் காதில் ஹெட்செட் மாட்டிய ஆசியாக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு பாப் ஆல்பத்துக்குள் வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் அந்த ஷிஃப்ட் பார்த்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். நாமும் அதைக் கவனிக்கவில்லை.

குறை? இருக்கிறது. மாஸ்கோ மெட்ரோவில் குண்டு வெடித்த பதினேழு வயது விதவையை மனதில் வைத்து எழுதிய 'லவலாட்', அவள் யார் என்று நமக்குச் சொல்லாமலே அவள் நிழலில் ஆடுகிறது. அன்புக்கான சொல்லும் அல்லாவின் பெயரும் காதில் குழம்பும்படி உச்சரிப்பது கெட்டிக்காரத்தனம், அதற்கு மேல் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அவள் கொன்றவர்களுக்கும் அது போதாது. இப்படி ஒரு விமர்சனத்தை நான் ஏற்றுக்கொள்வேன், பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிற விமர்சனம் இது. வறுவலைப் பார்த்துவிட்டுச் சொல்வது விமர்சனம் இல்லை.

5

தமிழ்ப் பக்கத்தில் ரெண்டு கட்சி. ஒன்று, 'நம்ம பொண்ணு' கட்சி. ஆஸ்கர், கிராமி என்று செய்தி வந்தால் பகிர்வார்கள். 'கலா'வில் இளையராஜாவின் 'தளபதி' பாட்டு ஒட்டியிருக்கிறது, சென்னையில் பதிவு செய்த உறுமி இருக்கிறது என்று துணுக்கு சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு பாட்டு ஓடவிட்டால், "என்னய்யா இது, ஒரே சத்தமா இருக்கு" என்று அணைப்பார்கள். இன்னொன்று, 'அவங்களுக்குத் தமிழே சரியா வராது' கட்சி. இவர்கள் ஹிர்ஷ்பெர்க்கின் வறுவலை வேறு தட்டில் வைத்துப் பரிமாறுகிறார்கள். இவர்களுக்கும் பேசுகிற ஆளின் சான்றிதழ்தான் முதலில் வேண்டும்.

முதல் கட்சிக்குத்தான் இப்போது பெரிய சிக்கல். கொரோனா காலத்தில் எம்.ஐ.ஏ. தடுப்பூசிக்கு எதிராகப் பேசினார். பிறகு 5ஜி அலைகளைத் தடுக்கும் என்று சொல்லி ஆடை விற்கக் கிளம்பினார். அலைபேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சு அணுக்களைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்ததே இல்லை. முதலாம் ஆண்டு இயற்பியல் படித்தவனுக்கு இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. அவர் சொல்வது தவறு.

தீர்க்கதரிசிப் பட்டம் கொடுத்தவர்கள் இப்போது என்ன செய்வார்கள்? அன்று கூகுள் விஷயத்தில் பலித்தது, ஆகவே இன்று 5ஜி விஷயத்திலும் பலிக்கும் என்று பின்னால் போவார்கள். அல்லது இன்று இப்படி உளறுகிறார், ஆகவே அன்று சொன்னதும் குருட்டாம்போக்கு என்பார்கள். முதலாமவர்கள் அந்தத் துணியை வாங்குவார்கள். இரண்டாமவர்கள் 2010இன் மதிப்புரையாளர்களுக்குப் பதினைந்து வருடம் கழித்து வக்காலத்து வாங்குவார்கள். குறி சொல்பவராக ஒருவரை உட்கார வைத்தால் இந்த இரண்டைத் தவிர வேறு வழியே கிடையாது, ஏனென்றால் குறியை ஆராய முடியாது, நம்பலாம் அல்லது நம்பாமல் விடலாம்.

வாதமாக எடுத்துக்கொண்டால் சிக்கலே இல்லை. 2010இல் அவர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது, செய்தித்தாளில் இருந்தது, கொழும்புப் பேருந்தில் இருந்தது, சேனல் 4 காட்சியில் இருந்தது. ஆகவே அது சரி. 5ஜி பற்றிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே அது தவறு. ஒரே ஆள் ஒரு விஷயத்தில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் இருக்க முடியும். நமக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லோருமே அப்படித்தான் இருக்கிறார்கள். பாடகிகளுக்கு மட்டும் அந்தச் சலுகையை ஏன் மறுக்க வேண்டும்?

2010இல் 'மாயா'வைக் கேட்கத் தவறியதன் விலையை எம்.ஐ.ஏ. மட்டும் கட்டவில்லை. போரை அடுத்து உடனே வந்த ஒரு கலைப்படைப்பு, உலகத்தின் பெரிய மேடையில், ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரோடு இருந்தது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்ற பேச்சு நடந்திருந்தால், வன்னி பற்றிய பேச்சும் அதன் பின்னால் வந்திருக்கலாம். வறுவல் பற்றிய பேச்சு நடந்தது. இன்றும் ஏதோ ஒரு ஊரில் குண்டு விழுகிறது, யாரோ கைப்பேசியில் பிடித்து ஏற்றுகிறார்கள், நாம் முதலில் கேட்பது ஏற்றியவர் யார், அவர் பக்கம் எது என்றுதான். வீடியோவை அப்புறம் பார்க்கிறோம், பார்த்தால்.

பன்னிரண்டு பாட்டு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்தப் பாட்டு, எந்த இடம், ஏன் என்று எழுதுங்கள். அவர் சொன்னது பலித்ததா என்பதை ஜோசியம் பார்ப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.